குதிரை கூடினால் கடிவாளமும் கூட வேண்டும்

பழைய வண்டிக்குப் பெரிய இன்ஜின் போடலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் போனவர்களுக்குத் தெரியும். அங்கே காய்கறி மூட்டை சுமக்கிற வண்டி பழைய லேண்ட் ரோவர். 1948இல் பிறந்தபோது அதன் சக்தி வெறும் 50 குதிரை. 1,500 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால், அதிலும் ஏழில் ஒரு பங்கு குறையும். பிறகு எப்படி மேடு ஏறுகிறது? 'லோ' கியர்தான் காரணம். வேகம் குறையும், இழுவை இரண்டு மடங்குக்கும் மேல் கூடும்.

"எட்டு சிலிண்டர் இன்ஜினை மாட்டினால் பறக்குமே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1979இல் அந்த நிறுவனமே மாட்டியது. அதே 3.5 லிட்டர் இன்ஜின் ரோவர் காரில் 155 குதிரை சக்தி தந்தது. லேண்ட் ரோவரில் அதை 91 ஆக அடக்கி வைத்தார்கள். அந்த வண்டியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வேகம் இரு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. இறக்கத்தில் டிரம் காய்ந்துவிட்டால், மிதித்தாலும் பிடிக்காது.

ஆகவே தம்பிகளே, முதலில் பிரேக்கை மாற்றுங்கள். ரேடியேட்டர், கியர்பாக்ஸ், பின் அச்சு தாங்குமா என்று பாருங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாங்குங்கள். இன்ஜின் கடைசியில் வரட்டும். அந்த வளைவில் எதிரே வருவது ஒரு பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம்.