நாமும் நம் மக்களும் படிக்கத்தக்க நூல்கள்

(ஜமாஅத் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'கல்வியின் சிறப்பு' என்னும் பொருளில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை இம்மேடையில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறீர்கள். எனவே, படிக்கத்தக்க சில நூல்களின் பெயர்களைச் சொல்லிப் பேச அனுமதி வேண்டினேன், மனமுவந்து இசைந்தார்கள். மேடைகளில் நாம் "படியுங்கள், படியுங்கள்" என்கிறோம். எதைப் படிப்பது என்று சொல்வதில்லை. மருந்தின் பெயரை எழுதித் தராமல் "மருந்து உண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லியனுப்பும் மருத்துவரை நாம் என்னவென்போம்? நூலகப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இன்று மருந்துச் சீட்டையே எழுதித் தர விழைகிறேன்.

நம் வீடுகளில் இருந்த வாசிப்பு

வாசிப்பு நமக்குப் புதிதாக வந்த பழக்கம் அன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பள்ளிக்கூடத்தின் வாயிலையே காணாத பெண்கள் அரபுத் தமிழில் எழுதப்பட்ட மாலைகளையும் கிஸ்ஸாக்களையும் முனாஜாத்துகளையும் ஓதி வந்தார்கள். தமிழ் எழுத்து அறியாத மூதாட்டியர், அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தடையின்றிப் படித்தார்கள். ஒருவர் ஓத, அக்கம்பக்கத்தார் சூழ அமர்ந்து கேட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தியால் ஒரு தெருவே பயன்பெற்றது.

அந்த மரபின் சிகரம் எட்டயபுரம் அரசவைப் புலவராக விளங்கிய உமறுப்புலவரின் சீறாப்புராணம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அரபு நாட்டைப் பாட வந்த புலவர், தமிழ்க் காப்பிய மரபில் நின்று, மழை பொழிந்து வெள்ளம் பெருகி வயல் விளையும் நாடாக அதைப் பாடிவிட்டார். பாலைவனத்தில் நெல் விளையுமா என்று கேட்பவர் உண்டு. புலவர் தம் மண்ணின் கண்கொண்டே அந்த நாட்டைக் கண்டார் என்பதே அதற்கு விடை. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க இயலாது. 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஒன்றை மட்டும் உரையுடன் படித்துத் தொடங்குங்கள். வேடனிடம் சிக்கிய தாய்மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது; அண்ணல் நபி அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள்; மான் சொன்ன சொல் தவறாமல் கன்றுடன் திரும்பி வருகிறது. இரவில் குழந்தைகளுக்குச் சொல்ல இதனினும் சிறந்த கதை அரிது.

பெரியவர்களுக்குச் சில நூல்கள்

முதலில் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த தன்வரலாறு. ஓர் ஏழைச் சிறுவன் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அடைக்கலமான வரலாற்றை நாவலைப் போல் படிக்கலாம். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரை வினவுகிறார். அந்த ஒரு வினா அவர் வாழ்க்கையையே திருப்பிவிடுகிறது. சிந்தாமணி சமண நூல். ஐயரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். பொருள் விளங்காத இடங்களுக்கு அவ்வூர்ச் சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்து, 1887இல் அந்நூலை அச்சிட்டார். பிறர் நூலையும் மதித்துப் படிப்பது எப்படி என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை.

இரண்டாவது, கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெவ்வையின் 'அசன்பே சரித்திரம்'. 1885இல் வெளியானது, தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறே ஆண்டுகளில் எழுந்த நூல். கதைத் தலைவன் எகிப்தில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்கிறான். இதன் ஆசிரியர் 'முஸ்லிம் நேசன்' இதழை 1882இல் தொடங்கியவர். முஸ்லிம் சிறுமியருக்குப் பள்ளி வேண்டும் என்று அந்நாளிலேயே வாதாடியவர். தமிழ் நாவலின் பிறப்பில் நமக்கும் பங்குண்டு என்பதை நம் பட்டதாரிகளே அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

மூன்றாவது, தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 1988இல் நூலாக வந்தது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இவர் 2019இல் மறைந்தார். கடலோர நாவலில் அகமதுக்கண்ணு முதலாளி என்றொரு செல்வந்தர் வருகிறார். தம் ஊருக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை அவர் எதிர்த்து நிற்கிறார். ஊரார் தம்மையன்றி வேறெவரையும் நோக்கலாகாது என்பதே அவருடைய கவலை. படிப்பவர் தத்தம் ஊரை அதில் காண்பார்கள். சிலருக்குச் சினம் வரும். கண்ணாடியை உடைப்பதால் முகத்திலுள்ள கறை நீங்கிவிடாது என்பதை மட்டும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்.

நான்காவது, மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர். 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' என்னும் சிறு நாவலைக் குளச்சல் மு. யூசுப் தமிழில் தந்துள்ளார். பாட்டனார் யானை வைத்திருந்தார் என்ற பெருமையைச் சொல்லிச் சொல்லியே வாழும் ஒரு குடும்பத்தின் கதை. செல்வம் போய்விடுகிறது, பெருமை போகவில்லை. இறுதியில் அந்த ஆனை, மணலில் குழி பறிக்கும் குழியானைப் பூச்சி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பழம்பெருமை பேசும் நம் ஒவ்வொருவருக்கும் உரிய மருந்து அது, சிரித்துக்கொண்டே உட்கொள்ளலாம். அவருடைய 'பாத்துமாவின் ஆடு' நூலில், ஆடு அவர் எழுதிய புத்தகங்களையே தின்றுவிடுகிறது. நம் வீடுகளில் புத்தகங்களைத் தின்பது ஆடு அன்று, கரையான். அது ஒன்றே வேறுபாடு.

மக்களுக்குச் சில நூல்கள்

பள்ளி செல்லாத சிறாருக்கு, பக்கம் நிறையப் படமும் இரண்டொரு வரியும் கொண்ட நூல்களே போதும். ஐந்து முதல் எட்டு வயது வரை, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' பாடல்களை உரக்கப் பாடிக் காட்டுங்கள். ஓசை பிடித்துவிட்டால் எழுத்து தானாகப் பிடிபடும்.

அடுத்துப் பஞ்சதந்திரக் கதைகள். இவை நம் நாட்டில் தோன்றி, பாரசீக அரசர் அனூஷிர்வான் காலத்தில் பஹ்லவி மொழிக்குச் சென்றன. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவற்றை 'கலீலா வ திம்னா' என்று அரபியில் தந்தார். கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளே அங்கே கலீலா, திம்னா ஆயின. அரபியிலிருந்து அக்கதைகள் மேலும் பல மொழிகளுக்குப் பரவின. நல்ல கதை எவருடைய கடவுச்சீட்டையும் கேட்பதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பத்து வயதைக் கடந்தவர்களுக்கு ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்'. மேசையின் மூடியைத் திறந்து திறந்து மூடியதற்காகவும், சன்னலோரம் நின்று தெருப் பாடகர்களை அழைத்ததற்காகவும் முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு சிறுமியின் உண்மைக் கதை. அவளைச் சேர்த்துக்கொண்ட புதிய பள்ளியில் பழைய இரயில் பெட்டிகளே வகுப்பறைகள். அதன் தலைமையாசிரியர் கோபயாஷி, முதல் நாளில் நான்கு மணி நேரம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே அமர்ந்திருந்தார். நம் பிள்ளைகள் பேசுவதை நாம் நான்கு நிமிடம் கேட்கிறோமா? இந்நூலைப் பிள்ளைக்கு வாங்கித் தருபவர் தாமும் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பதினான்கு வயதினருக்கு டாக்டர் அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்'. அதில் ஏவுகணைகளைப் பற்றிய பகுதியையே பலரும் பேசுகிறோம். நான் சுட்ட விரும்புவது இளமைப் பகுதியில் வரும் ஒரு சிறு செய்தி. இராமேசுவரத்தில் எஸ். டி. ஆர். மாணிக்கம் என்பவர் தம் வீட்டில் நூலகம் வைத்திருந்தார். அங்கிருந்து நூல்களை இரவல் பெற்றுப் படித்ததைக் கலாம் நன்றியுடன் நினைவுகூர்கிறார். அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தம் அலமாரியைத் திறந்துவிட்டார் ஒருவர். பின்னாளில் அப்பிள்ளை குடியரசுத் தலைவர் ஆனார். நம் தெருவில் அப்படித் திறந்த அலமாரி எத்தனை?

எப்படிப் படிக்க வைப்பது?

நாள்தோறும் இஷாவுக்குப் பின் பதினைந்து நிமிடம் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அந்நேரம் கைப்பேசிகள் வேறோர் அறையில் இருக்கட்டும், தந்தையின் கைப்பேசியும்தான். ஒரே கதையைப் பத்து முறை கேட்கும் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பத்தாம் முறை அது எழுத்தைப் பார்க்கத் தொடங்கும். பிடிக்காத நூலைப் பாதியில் மூட அதற்கு உரிமையுண்டு. படித்து முடித்தவுடன் கேள்வி கேட்டுத் தேர்வு நடத்தாதீர்கள்.

"கதைப் புத்தகம் படித்தால் பாடம் கெடாதா?" என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு என் விடை இது. நம் இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தத் தாளில் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாததால் அன்று. நான்கு பக்கத்தைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் இல்லாததால். அப்பழக்கத்தை ஒப்பந்தத் தாள் கற்றுத் தராது. கதைப் புத்தகம்தான் கற்றுத் தரும். தாளில் எழுதியிருந்த சம்பளம் வேறு, முகவர் சொன்ன சம்பளம் வேறு என்பதைக் கடல் கடந்த பின் அறிவதால் என்ன பயன்?

ஜமாஅத்திடம் மூன்று வேண்டுகோள்கள்

நிறைவாக, நிர்வாகக் குழுவினரிடம் மூன்றைக் கேட்டு அமர்கிறேன்.

ஒன்று, மதரஸா ஆண்டு விழாவில் பரிசாகத் தரும் எவர்சில்வர் பாத்திரங்களுடன் ஒரு நூலையும் சேர்த்துத் தாருங்கள். பாத்திரம் அடுக்களைக்குப் போகும். புத்தகம் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டு அதனிடமே தங்கும்.

இரண்டு, நம் வீடுகளின் பரண்களில் கிடக்கும் அரபுத் தமிழ் ஏடுகளையும் பழைய அச்சுநூல்களையும், வீடு இடிக்கும்போது குப்பையோடு சேர்த்துவிடாமல், பள்ளிவாசலில் ஒப்படைக்குமாறு அறிவிப்புச் செய்யுங்கள். அவற்றை ஒளிப்படி எடுத்து இணையத்தில் காக்க வழிகள் பிறந்துவிட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பழந்தமிழ் நூல்களை எவரும் விலையின்றிப் படிக்கத் தருகின்றன. படித்துக் காட்டக்கூடிய மூதாட்டியர் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும். அவர்கள் போன பின் ஏடு இருக்கும். படிப்பவர் இருக்க மாட்டார்.

மூன்றாவது, நம் வாசகசாலை. கண்ணாடி அலமாரிகளில் நல்ல நூல்கள் வரிசையாக இருக்கின்றன, பூட்டும் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்த கருத்து, நூல் பயன்படுவதற்கே உரியது என்பது. முற்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் எடுத்துக்காட்டுவார். நாம் சங்கிலிக்குப் பதில் பூட்டு வைத்திருக்கிறோம். அதனினும் பெரிய குறை, அந்த அறையில் பெண்களுக்கென ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை.

நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்றோர் அம்மையார் வாழ்ந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்புடன் நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை எழுதி வெளியிட்டார். நான் முன்னர்ச் சொன்ன அதே உ. வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணால் அவ்வளவு இயன்றதென்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மணமாகி, கையில் நூலின்றி இந்தத் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் நம் பெண்மக்களால் எவ்வளவு இயலும்!

வாரத்தில் இரண்டு நாள், அஸருக்குப் பின் மஃரிபு வரை, வாசகசாலையைப் பெண்களுக்காகத் திறந்து வையுங்கள். திறவுகோலைப் பொறுப்புள்ள ஓர் ஆசிரியையிடம் கொடுங்கள். நூல் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். தொலைந்தால் வேறு வாங்கலாம். அதற்கு அஞ்சிப் பூட்டி வைத்தால், கரையான் மட்டுமே நம் வாசகராக எஞ்சும்.

அடுத்த ஆண்டு அறிக்கையில் வரவு செலவுக் கணக்கை அடுத்து, எத்தனை நூல்கள் இரவல் சென்றன என்ற கணக்கும் ஒரு வரியாக இடம்பெறுமானால், என் பேச்சு பயனுடையதாயிற்று என்று மகிழ்வேன்.