வில்லிசையும் வீட்டு ஒலிப்பதிவும்



தாமிரபரணி என இன்று வழங்கும் தண்பொருநை, பொதிகை மலையில் தோன்றிப் பாவநாசத்தில் நிலத்திறங்கிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கின்றது. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஆற்றின் இருகரையிலும் கொடைவிழா எடுக்காத ஊர் அரிது. சுடலைமாடன் கதை எல்லா ஊரிலும் பாடப்பெறும். ஆயினும் ஓர் ஊரில் பாடப்பெற்றவாறே மற்றோர் ஊரில் பாடப்பெறுவதில்லை. புலவர்க்குப் புலவர் மெட்டு வேறு, சொல் வேறு, கதையின் கிளைகளும் வேறு. இக்கதைகளுட் பல அச்சேறியதில்லை. பாடுவோர் நெஞ்சிலும், 1980-களிலும் 1990-களிலும் கோயில் முற்றத்தில் வைத்துப் பதிந்த ஒலிநாடாப் பேழைகளிலுமே அவை கிடக்கின்றன. நெஞ்சம் முதுமையுற்றது, நாடாவோ பூஞ்சை பூத்துக்கொண்டிருக்கின்றது.

ஒருகாலத்தில் நல்ல பதிவு வேண்டுமெனின் வானொலி நிலையத்தின் கதவு திறக்கவேண்டும். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கப்பெற்றது. அங்கு அழைக்கப்பெற்றோர் குரல் நின்றது. அழைக்கப்பெறாதோர் குரல் காற்றோடு போயிற்று. நெல்லைப் பகுதியின் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, கலைவாணர் என்.எசு. கிருட்டிணனோடு பணியாற்றி, 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகனாரின் குரல் தமிழ்நாடு முழுதும் அறிந்த குரல். அவரைப்போல் பெயர் பெறாமல், பத்து ஊர் எல்லைக்குள்ளேயே பாடி முடிந்த புலவர்களின் குரலை இனி எங்குச் சென்று கேட்பது?

இன்று அந்நிலை மாறியுள்ளது. ஒரு மடிக்கணினி, இரண்டு ஒலிவாங்கிகள், அவற்றை இணைக்கும் கையளவுப் பெட்டி ஒன்று. இவை இருப்பின் பாளையங்கோட்டையிலோ சேரன்மாதேவியிலோ ஒரு வீட்டறையே பதிவுக்கூடம் ஆகின்றது. இவற்றை வாங்கிய இளைஞர் அடுத்துக் கேட்கும் கேள்வி, “எந்த மென்பொருள் நல்லது?” என்பதே. இவ்வுரை அக்கேள்வி ஒன்றனையே எடுத்துக்கொள்கின்றது.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். “இன்ன மென்பொருளில் பதிந்தால் ஓசை இனிக்கும், மற்றொன்றில் பதிந்தால் வறண்டிருக்கும்” என்று கடைத்தெருவில் கூறுவர். அஃது உண்மையன்று. பதிதல் என்பது ஒலியை நொடிக்கு 48,000 முறையோ 44,100 முறையோ அளந்து எண்களாக எழுதிவைத்தலே. அளக்கும் வேலை இணைப்புப் பெட்டியினுடையது. எழுதிவைக்கும் வேலையே மென்பொருளினுடையது. ஒரே ஒலிவாங்கி, ஒரே பெட்டி, ஒரே அளவு எனின், விலையில்லா மென்பொருள் எழுதும் எண்ணும் பல்லாயிரம் உரூபா மென்பொருள் எழுதும் எண்ணும் ஒன்றே. விலை கூடியதால் உடுக்கையின் ஓசை இனிமையுறாது.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே உள்ளது? மென்பொருள் திறந்தவுடன் கேளாமலே வந்து நிற்கும் அமைப்புகளில் உள்ளது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட கராச்பேண்டைத் திறந்தால், மணித்துளிக்கு 120 அடி, அடிக்கு நான்காகக் கட்டம், மேலையிசையின் சி என்னும் நிலை ஆகிய மூன்றும் முன்னரே அமைந்திருக்கும். ரீப்பரும் 120 அடி, நான்கின் கட்டம் என்றே தொடங்கும். தாளத்தட்டொலி ஒன்று காதில் தட்டத் தொடங்கும். பாடுவோர் அதற்கேற்பப் பாடவேண்டும்.

வில்லிசைப் புலவரை அத்தட்டொலியின் முன் அமர்த்தினால் என்ன நிகழும்? காப்பு விருத்தம் தாளத்திற்கு உட்படாமல் நெடுகப் பாடப்பெறுவது. பின் கதை நடக்க நடக்க வீசுகோல் விரையும். தெய்வம் வந்து இறங்கும் இடத்தில் உடுக்கையும் குடமும் ஒன்றையொன்று துரத்தும். விரைவு ஏறுவதே அங்குக் கலை. அதனை மணித்துளிக்கு 120 என்று கட்டிவைத்தால் சாமியாடியின் கால் எழுமா? பதிந்தபின் அடிகளைக் கட்டத்தில் கொண்டுபோய்ப் பொருத்தும் வசதியும் இம்மென்பொருள்களில் உண்டு. கணியான் கூத்தில் உச்ச மகுடமும் மந்த மகுடமும் இம்மியளவு முன்பின்னாக விழுவதே அதன் உயிர். பொருத்தினால் இரண்டும் ஒரே பறையாய்விடும்.

இவ்வகையில் ஆடாசிட்டி ஒரு படி மேலானது என்க. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-இல் வெளிவந்த இம்மென்பொருள் விலையற்றது. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. திறந்தவுடன் அதன் அளவுகோல் மணித்துளியும் நொடியுமாகவே நிற்கும். அடிக்கட்டம் 2023-இல்தான் அதில் சேர்க்கப்பெற்றது, அதுவும் வேண்டுவோர்க்கே. ரீப்பரிலும் அளவுகோலை மணித்துளிக்கு மாற்றலாம், தட்டொலியை அடக்கலாம். ஆயின் மாற்றவேண்டும் என்பது தெரிந்தால்தானே மாற்றுவர்?

இனி, இசைநரம்புகளைப் பற்றியது. பன்னிரண்டு சமக்கூறாக மண்டிலத்தைப் பகுப்பது மேலையர் முறை, அதனால் மென்பொருள் தமிழிசையைக் கெடுக்கின்றது என்று கூறுவோர் உளர். அவர்கள் நெல்லைச் சீமையிலேயே பிறந்த ஆபிரகாம் பண்டிதரை எண்ணிப் பார்த்தல் நன்று. 1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த அவர், 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என மண்டிலத்தைச் சமமாகப் பகுத்துக் காட்டினார். 22 அலகுகள் என்ற கொள்கையை எதிர்த்து வாதிட்டார். அவர் முடிபை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உளர். எவ்வாறாயினும், பன்னிரண்டு என்னும் எண்ணைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

அஞ்சவேண்டுவது வேறொன்று. 1997-இல் ஆட்டோடியூன் என்னும் குரல் திருத்தும் கருவி வெளிவந்தது. அதனை ஆக்கிய ஆண்டி இல்டெபிராண்டு என்பார், நிலத்தடியில் எண்ணெய் தேடுவதற்கு அதிர்வலைகளை ஆராயும் கணக்கில் தேர்ந்தவர். அக்கணக்கையே குரலுக்கும் பயன்படுத்தினார். பாடுவோர் குரல் ஒரு நரம்பினின்று சற்று விலகினால் அதனை அருகிலுள்ள நரம்பிற்கு அது இழுத்துவிடும். இன்று இத்தகைய கருவி பெரும்பாலான மென்பொருள்களில் உள்ளடங்கியோ இணைப்பாகவோ கிடைக்கின்றது. தமிழ்ப் பாட்டில் ஒரு நரம்பினின்று மற்றொன்றிற்குச் செல்லும் வழியே பாட்டு. குழைவும் அசைவும் வழுக்கலும் இல்லையேல் பண் இல்லை. அவ்வழியைப் பிழை என்று கருதித் திருத்தும் கருவியை, ஒப்பாரி பாடும் மூதாட்டியின் குரல்மேல் ஏவினால் எஞ்சுவது யாருடைய குரல்? ஆட்டோடியூனைத் திரைப்பாட்டில் வைத்துக்கொள்ளட்டும். ஊர்ப்பாட்டைப் பதிவோர் அப்பொத்தானைத் தொடாதிருத்தல் வேண்டும்.

குரலின் நிலையைக் குறிக்க இவ்வட்டாரத்தில் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்பர். மென்பொருளோ சி, சி கூர் என்று ஆங்கில எழுத்தால் காட்டும். ஒரு கட்டை என்பது ஏறத்தாழச் சி. புலவரைச் சிக்கு இழுக்காமல், அவர் எடுத்த நிலையைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தால் போதும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை எவரும் 440 அதிர்வுக்குத் திருத்திவைக்கவில்லை.

விலையையும் வேலையையும் ஒப்பிட்டால், புரோ டூல்சு 1991 முதலும் கியூபேசு 1989 முதலும் வந்தவை. பெருங்கூடங்களுக்கு ஏற்றவை, வீட்டிற்கு மிகை. எஃப்எல் இசுடுடியோ கணிப்பொறியிலேயே தாளம் கோப்பார்க்கு உரியது. இருந்த இசையைப் பதிவார்க்கு அதன் அருமை பயன்படாது. கராச்பேண்டு விலையற்றதாயினும் ஆப்பிள் பொறிகளில் மட்டுமே இயங்கும். இவற்றை விட்டால் எஞ்சுவன மூன்று: ஆடாசிட்டி, ரீப்பர், ஆர்டர். ஆர்டரின் மூலநிரல் விடுதலையுடையது. ஆக்கியோர் தொகுத்துத் தரும் படிக்குச் சிறுதொகை கேட்பர். லினக்சில் பழகியவர்க்கு அதனினும் சிறந்தது வேறில்லை. ரீப்பர் 2005-இல் தோன்றியது. அதன் நிறுவற்கோப்பு சிறியது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். 60 நாள் விலையின்றி ஆய்ந்து பார்க்கலாம். தனியாள் உரிமத்தின் விலை 60 டாலர். அறுபது நாளுக்குப் பின்னும் அது கதவடைப்பதில்லை. வாங்குவோர் நேர்மையை நம்பியே விற்கின்றனர். பல்லாயிரம் விலையுள்ள மென்பொருளின் திருட்டுப்படியை வைத்துக்கொண்டு தமிழ்ப் பண்பாட்டைக் காப்பதாகக் கூறுவது எவ்வாறு பொருந்தும் என்பதை அவ்வாறு செய்வோரே எண்ணிக்கொள்க.

தடங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகக் கூறும் விளம்பரத்தில் மயங்குதல் வேண்டா. வில் குடத்தின்மேல் கட்டப்பெற்றது, இரண்டும் ஓருடல். வில்லுக்கு ஒன்று, குடத்திற்கு ஒன்று என ஒலிவாங்கி வைத்தாலும் குடத்தின் அதிர்வு எல்லாவற்றிலும் புகும். புலவர் குரலுக்கு ஒன்று, குழு முழுமைக்கும் ஒன்று என இரண்டு தடமே பெரும்பாலும் போதும். அதற்கு ஆடாசிட்டியே சாலும். நான்கு ஒலிவாங்கிகளை ஒருங்கே பதியவேண்டுமெனின் ரீப்பரே ஏற்றது. விண்டோசுப் பொறிகளில் இரண்டுக்கு மேற்பட்ட தடங்களை ஒரே நேரத்தில் பதிவது ஆடாசிட்டியில் நெடுங்காலமாகத் தொல்லை தந்துள்ளது. அளவு குறிக்கும் முள் உச்சத்திற்கு 12 டெசிபெல் கீழேயே ஆடுமாறு வைத்துக்கொள்க. வீசுகோல் ஓங்கி விழுங்கால் ஒலி உடைந்தால் அதனை ஒட்டவைக்க எந்த மென்பொருளாலும் இயலாது.

ஆடாசிட்டியில் தமிழ் இடைமுகம் உண்டு. மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்தால் பட்டிகள் தமிழில் தோன்றும். தன்னார்வலர் உழைப்பு அது. சில இடங்களில் சொல் முரடாயிருக்கலாம், சில இடங்கள் ஆங்கிலமாகவே நிற்கலாம். முரடென்று ஆங்கிலத்திற்கு மாறுவதைவிட, நல்ல சொல்லை எழுதி அனுப்புவதே தமிழறிந்தார் செயல். டிராக் என்பதற்குத் தடம், மிக்சிங் என்பதற்குக் கலவை, எக்கோ என்பதற்கு எதிரொலி என்பன முன்னரே புழங்குகின்றன. அன்றியும், அதில் பெயர்ச்சீட்டுத் தடம் என ஒன்றுண்டு. பதிவு ஓடும்போதே காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்று தமிழிலேயே குறித்துச் செல்லலாம். பின் அக்குறிப்புகளை நேரத்தோடு தனி எழுத்துக்கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். கதையாராய்ச்சி செய்வார்க்கு இவ்வொன்றே பெருங்கொடை. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காறு ஒரு துறையாகவே பயிலப்பெறுகின்றது. இத்தகைய குறிப்போடு வரும் பதிவின் அருமையை அத்தகையோர் அறிவர்.

அறையைப் பற்றியும் சில சொல்லவேண்டும். மென்பொருளுக்குச் செலவிடுவதில் பாதியை அறைக்குச் செலவிட்டால் பதிவு இருமடங்கு நன்றாகும். பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டு எதிரொலி நின்றுவிட்டதென்று மகிழ்வோர் உளர். மெல்லிய கோரைப்பாய் கீச்சொலியைச் சிறிது தடுக்கும். குடத்தின் கனத்த ஒலியை அது தடுக்காது. இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரினின்று ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் பயன் மிகுதி. மின்விசிறியை நிறுத்துக; வெயிற்காலத்தில் புலவர்க்கு அடிக்கடி ஓய்வும் மோரும் தருக. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் ஓரத்து வீடுகளில் இரவுப் பதிவு கூடாது. தவளைக் கூட்டத்தை அடக்கும் பொத்தான் இன்னும் வரவில்லை.

கோப்பைக் காக்கும் முறையில்தான் பலர் தவறுகின்றனர். மென்பொருளின் திட்டக்கோப்பு அம்மென்பொருள் உள்ளவரைதான் திறக்கும். 2021-க்கு முந்தைய ஆடாசிட்டி ஒரு திட்டத்தை நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாகச் சிதறிவைத்தது. உறையொன்றை மறந்து படியெடுத்தோர் முழுப்பதிவையும் இழந்தனர். அவ்வாண்டில் வந்த மூன்றாம் பதிப்பு முதல் எல்லாம் ஒரே கோப்பாயிற்று. ஆயினும் எந்த மென்பொருளில் பதிந்தாலும், முடிந்தவுடன் வேவ் என்னும் பொதுவடிவில் ஒரு படி எடுத்துவைத்தல் இன்றியமையாதது. எம்பி3 ஆக மட்டும் வைப்பது, நெல்லைக் குத்தி அரிசியாக்கிய பின் விதைக்குத் தேடுவதை ஒக்கும். 48,000 அளவில் 24 துணுக்குப் பதிவு, ஒரு தடத்திற்கு ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 520 மெகாபைட்டு கொள்ளும். வேவ் கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது. இருதடப் பதிவு நான்கு மணிநேரத்தில் அவ்வெல்லையைத் தொட்டுவிடும். ஆதலின் விடிய விடிய நடக்கும் கொடையைக் கூறுகூறாகப் பதிதல் வேண்டும். இரண்டு வன்தட்டுகளில் இரண்டு படிகள், மூன்றாவது படி வேறோர் ஊரில்.

புதிய பதிவுக்கு முன், வீட்டுப் பரணில் உள்ள ஒலிநாடாப் பேழைகளுக்கே முதலிடம் தருதல் தகும். நாடாவை விரைவாகப் படியெடுக்க இயலாது. 90 மணித்துளிப் பேழை 90 மணித்துளி ஓடியே தீரவேண்டும். ஒரு பெட்டியில் 40 பேழைகள் இருப்பின் 60 மணிநேரம். ஞாயிறுதோறும் ஐந்து மணிநேரம் அமர்ந்தால் பன்னிரண்டு ஞாயிறு. தை முதல் ஞாயிற்றில் தொடங்கினால் பங்குனி முடிவதற்குள் பெட்டி காலியாகும். சித்திரை பிறந்தால் கொடைகள் தொடங்கிவிடும்; புலவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள்.