மழைக்கால ஓய்வில் படகு மோட்டார்



தீபாவளிப் பலகாரம் தீர்ந்து சில நாட்களில் கிழக்குக் கரையில் வானம் இருண்டுவிடுகிறது. நவம்பர் தொடங்கி மார்ச் வரையில் வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் கடல் கொந்தளிக்கும், ஆறுகள் கரைபுரளும். சிறு படகுகள் கரையேறிவிடும். ஓய்வு நாளில் மீன் பிடிக்கப் போகும் தோட்டத்து அன்பர்களும் படகைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். படகு பத்திரம். ஆனால் அதன் மோட்டார்?

நான் அறிந்த ஒரு தோட்டத்தில் ஐந்து குடும்பத்தார் சேர்ந்து, சீட்டுப் பணத்தில் ஒரு பழைய மோட்டார் வாங்கினார்கள். மலாய் மீனவர்கள் ‘இஞ்சின் சங்குட்’ என்று சொல்கிறார்களே, படகின் பின்னால் மாட்டுவது, அதுதான். மழைக்காலம் வந்ததும் அப்படியே கழற்றி, லயத்தின் பின்கட்டில் சாய்த்து வைத்தார்கள். மழை ஓய்ந்த பிறகு எடுத்துக் கயிற்றை இழுத்தார்கள். கிளம்பவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, கொல்லையிலேயே, தண்ணீர் இல்லாமலே, ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது! மகிழ்ச்சியோடு ஆற்றுக்குப் போனார்கள். முகத்துவாரத்தின் அருகே மோட்டார் கொதித்து நின்றுவிட்டது. நீர் வற்றும் நேரம். ஆறு கடலை நோக்கி இழுக்கிறது. படகில் இரண்டு ஆண்கள், ஒரு பையன். துடுப்பு ஒன்றே ஒன்று. கரை சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வீட்டில் காத்திருந்த தாய்மார்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன நடந்தது? இந்த மோட்டார் தன்னைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பம்பில் ரப்பர்ச் சக்கரம் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாமல் சுற்றினால் அது சில விநாடிகளிலேயே தேய்ந்து கருகத் தொடங்கும். கொல்லையில் ஓட்டிய அந்தக் கொஞ்ச நேரமே அதைக் கெடுத்துவிட்டது.

நேயர்களே, ஓய்வில் இருக்கும் மோட்டாருக்கு மூன்று பகைவர்கள் உண்டு. ஒன்று உப்பு, மற்றொன்று பழைய பெட்ரோல், மூன்றாவது ஈரம். குளிர் நாடுகளில் நான்காவது பகைவனும் உண்டு, அது பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். கியர்ப்பெட்டியில் தங்கிய தண்ணீர் உறைந்தால் உலோகப் பெட்டியே வெடித்துவிடும். ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இத்தகைய மோட்டாரை விற்கத் தொடங்கினார். அந்தப் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துபோகும். ஆகவே அங்குள்ளவர்கள் ஆண்டுதோறும் குளிருக்கு முன் மோட்டாரைப் பக்குவம் செய்து வைக்கிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஆயினும் மற்ற மூன்றும் உண்டு. அவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி நமக்கும் பொருந்தும்.

இனி, செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலில் விசிறியைக் கழற்றுங்கள். அதன் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது கியர்ப்பெட்டியின் ரப்பர் அடைப்பை அறுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும்.

இரண்டாவது, ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் உறுதியாக நிறுத்துங்கள். தண்ணீர் இழுக்கும் துளைகள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். கியர் போடாமல், மெதுவான வேகத்தில், பத்து நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். உப்பும் சேறும் இப்படித்தான் வெளியேறும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கொட்டகைக்குள் ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே ஆபத்து வருவது தெரியாது.

மூன்றாவது, கார்புரேட்டர் உள்ள சிறிய மோட்டாராக இருந்தால், டிரம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடுங்கள். மிச்சமுள்ள பெட்ரோல் எரிந்து, தானே நிற்கும். பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் காற்றோடு சேர்ந்து பிசினாகி, ஊசிமுனை போன்ற துளைகளை அடைத்துவிடும். புல் வெட்டும் இயந்திரத்தை நெடுநாள் போட்டு வைத்துவிட்டு, பிறகு கயிறு இழுத்துக் கை வலித்தவர்களுக்கு இது தெரியும். தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலையும் வைத்திருக்காதீர்கள். 

நான்காவது, மோட்டார் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விடுங்கள். பாதுகாப்புக் கயிற்றை எடுத்துவிட்டு, தொடக்கக் கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். எண்ணெய் உள்ளே படர்ந்து துருவைத் தடுக்கும். பிறகு பிளக்கை மாட்டிவிடுங்கள்.

ஐந்தாவது, கியர் எண்ணெய். கீழ்ப்பெட்டியில் மேலும் கீழுமாக இரண்டு திருகாணிகள் இருக்கும். கீழ்த் திருகாணியை முதலில் திறந்து, பிறகு மேலதைத் திறந்தால் எண்ணெய் வடியும். அதைக் கவனித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அடைப்பை மாற்றியாக வேண்டும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் தலைகாட்டும் வரை ஏற்றுங்கள். முதலில் மேலதை மூடி, பிறகு கீழதை மூடுங்கள். நான்கு வீச்சு மோட்டார் என்றால் இஞ்சின் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள்.

ஆறாவது, விசிறித் தண்டில் கிரீஸ் தடவி, விசிறியை மீண்டும் மாட்டி, பூட்டு ஊசியைப் புதிதாகப் போடுங்கள். உடம்பில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். மோட்டாரின் உலோகம் அரிக்கப்படாதபடி, தன்னையே கொடுத்துக் காப்பது அதுதான். அதன்மேல் சாயம் பூசிவிடாதீர்கள். பூசினால் வேலை செய்யாது.

கடைசியாக, எங்கே வைப்பது? மரச்சட்டத்தில் நிமிர்த்தி நிறுத்துங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் வடிந்துவிடும். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள்; ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பழைய துணியால் போர்த்துங்கள். தண்ணீர் பீச்சும் துளையில் குளவி மண்கூடு கட்டிவிடும். ஆகவே அவ்வப்போது பாருங்கள். வெள்ளம் ஏறும் இடமானால் உயரத்தில் வையுங்கள். பெட்ரோல் தொட்டியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அடுப்பும் சாமி விளக்கும் எரியும் வீட்டில் பெட்ரோல் ஆவிக்கு இடமில்லை.

இந்த வேலைக்கு ஒரு பிற்பகல் போதும். ஸ்பேனரைப் பிடிக்கவும், எண்ணெயின் நிறத்தைப் பார்த்துச் சொல்லவும், செய்த வேலையையும் தேதியையும் அட்டையில் எழுதிக் கட்டவும் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே பழகட்டும். ஓர் இயந்திரத்தை இப்படிக் கையாண்ட பிள்ளைக்கு நாளை வேறோர் இயந்திரம் அச்சம் தராது.

அடுத்த பருவத்தில் படகு புறப்படும்போது, முதலில் டிரம் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, இரண்டு துடுப்புகளையும் ஆளுக்கோர் உயிர்காப்புச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். போனவர்கள் பொழுதோடு திரும்பட்டும்.