வாய்க்காலின் இரு கரைகள்

(யூபிலி ஆண்டுத் தொடக்க நாளன்று பங்குக் குரு ஆற்றிய உரை)



யூபிலிக்கு ஆயத்தமாகச் சென்ற மாதம் நம் பங்கிலிருந்து ஐம்பத்திரண்டு பேர் புதுவைக்குச் சென்று திரும்பினோம். "வேளாங்கண்ணிக்குப் போகாமல் பாண்டிச்சேரிக்கு எதற்குங்க சாமி?" என்று கேட்டவர்கள் உண்டு. நம் சேலம் மறைமாவட்டம் 1930-ஆம் ஆண்டு உருவானபோது புதுவை உயர்மறைமாவட்டத்திலிருந்தும் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் முதல் ஆயர் மேதகு புருனியே ஆண்டகை பிரெஞ்சு நாட்டவர். ஆகவே தாய்வீட்டைப் பார்க்கப் போனோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராசிபுரம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக இரவெல்லாம் பயணம் செய்து, விடியற்காலையில் கடற்கரையில் இறங்கினோம். பேருந்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஊரை நடந்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

கடலை ஒட்டிய பகுதியே முன்னாளில் வெள்ளையர் வாழ்ந்த பகுதி. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது போடப்பட்ட திட்டமாம் அது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். சில ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து மறுபடியும் கட்டினர். நீலப் பலகைகளில் தெருப் பெயர்கள் பிரெஞ்சிலும் தமிழிலும் உள்ளன. உயர்ந்த மதில்கள், மூடிய கதவுகள், மதிலுக்கு மேல் எட்டிப்பார்க்கும் காகிதப்பூக்கள். அழகுதான்; ஆனால் நம் பாட்டிமார் சற்று உட்காரத் திண்ணை தேடித் தேடிக் களைத்தார்கள். கடைசியில், 1855-இல் எழுந்த சம்மனசுகளின் அன்னை ஆலயத்தில்தான் இடம் கிடைத்தது. கப்புச்சின் துறவிகளை முன்னிட்டு அதைக் 'கப்ஸ் கோவில்' என்கிறார்கள் ஊர் மக்கள்.

மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால் குறுக்கிடுகிறது. இக்கரை வெள்ளையருக்கு, அக்கரை தமிழருக்கு என்று ஊரை இரண்டாக வகுத்தது அதுவே. தாண்டிய உடனே திண்ணைகள் தொடங்கிவிட்டன! வைசியாள் வீதியில் தெருவை நோக்கிய தாழ்வாரமும் மரத்தூண்களுமாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்ற வீதி. ஒரு வீட்டு அம்மையார் நம்மவர்களுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். தெற்கே காஜியார் தெருவில் இசுலாமியர், இங்கே செட்டித் தெரு, அங்கே வெள்ளாளர் வீதி. வாய்க்கால் வெட்டி ஒதுங்கியவர் பிரெஞ்சுக்காரர் என்று எளிதில் சொல்லிவிடலாம். தெருவுக்குத் தெரு சாதி பார்த்து ஒதுங்குவதை அவர்கள் நமக்குக் கற்றுத் தரவில்லை.

மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னை பேராலயம். சென் பால் என்பது மருவி, ஊர் வாயில் 'சம்பா கோவில்' ஆயிற்று. இப்போதுள்ள கட்டடம் 1791-இல் முடிந்தது. அதற்கு முன்னிருந்த கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் ஒரு புறம், மற்றவர்கள் மறுபுறம். 1745-இல் சேரி மக்கள் குருவிடம் சென்று முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். சுவர் விழுந்ததோடு பூசல் ஓய்ந்துவிடவில்லை என்பதும் அதே குறிப்பிலிருந்துதான் தெரிகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1748-இல், அக்கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் பிரெஞ்சு ஆட்சியில் இடிக்கப்பட்டது. நம் குருக்கள் சிலருக்கும் அதில் பங்குண்டு. அதை மறைத்துவிட்டுச் சுவர் கதையை மட்டும் சொல்வது முறையல்ல.

திரும்பும் வழியில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் தேநீருக்காக நிறுத்தினோம். காலனியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, லாரி ஓட்டுபவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, பாண்டியில சுவரை இடிச்சு இருநூத்தி எம்பது வருசம் ஆச்சுங்களே, நம்ம தேரு எங்க தெருவுக்கு எப்பங்க வரும்?"

அவருக்கு அப்போது நாம் பதில் சொல்லவில்லை. பேருந்திலும் யாரும் பேசவில்லை. நம் திருவிழாத் தேர் மேலத் தெருவில் போய், கடைவீதியில் திரும்பி, கோவிலுக்கு வந்துவிடுகிறது. வாரியைத் தாண்டுவதே இல்லை. சந்து குறுகல், மின்கம்பி தாழ்வு என்று நமக்கு முன்னிருந்த குருக்களிடமும் காரணம் சொல்லியிருக்கிறார்கள்; நம்மிடமும் சொன்னார்கள்; நாமும் கேட்டுக்கொண்டு ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டோம்.

கடந்த செவ்வாயன்று உபதேசியாரை அழைத்துக்கொண்டு, நாடா பிடித்து அளந்து பார்த்தோம். தேரின் அகலம் ஆறரை அடி. காலனிச் சந்து மிகக் குறுகிய இடத்திலும் ஒன்பது அடி இருக்கிறது. கம்பி ஓரிடத்தில் தாழ்வுதான். மின்வாரியத்தில் மனுக் கொடுத்தாயிற்று. வாரிப் பாலம் தேரைத் தாங்கும் என்று கொத்தனார் சொல்கிறார்.

பவனிப் பாதையை முடிவு செய்ய, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூடுகிறோம். காலனியாருக்கு வீடு வீடாகச் சென்று சொல்லிவிட்டோம். மேலத் தெருப் பெரியவர்களும் தவறாமல் வந்துவிட வேண்டும்.