மாப்பிள்ளையைப் பார்த்தாரா, பர்ஸைப் பார்த்தாரா?



கெடா தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். மேட்டிலே தொரை பங்களா. அதற்குக் கீழே கிராணி வீடு. அதற்கும் கீழே லயம். தண்ணீர் மேலிருந்து கீழே வரும். மரியாதை கீழிருந்து மேலே போகும். சம்பந்தம் மட்டும் மேலேயும் போகாது, கீழேயும் வராது!

கிராணிமார்களில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். பால்மரம் வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பெரட்டுக் களத்தில் பார்த்துக் கொண்டவர்கள் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தது குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டி வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த படம், 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. அதிலும் எஸ்டேட்தான். முதலாளி விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா. அவர் வேலையை விட்டு நீக்கிய அசோக், அவருடைய மகளையே காதலிக்கிறான். 'கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன்' என்று ஒரு பொய். நண்பன் வாசு கிழவேடம் போட்டு அப்பாவாக வருகிறான். அவ்வளவுதான்! நேற்று விரட்டப்பட்டவன் இன்று மாப்பிள்ளை. பையனின் முகம் மாறியதா? குணம் மாறியதா? இல்லை. அப்பாவின் பெயர் மட்டும்தான் மாறியது.

இது தமிழர்களுக்கு மட்டும் வந்த நோயல்ல. 1913-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஜார்ஜ் மெக்மானஸ் ஒரு சித்திரத் தொடரைத் தொடங்கினார். கட்டட வேலை பார்த்த ஜிக்ஸுக்குத் திடீர்ப் பணம் வருகிறது. மனைவி மேகிக்குப் பெரிய இடத்துச் சகவாசம் வேண்டும். ஜிக்ஸுக்கோ பழைய கூட்டாளிகளும் பழைய சாப்பாடும் போதும். நழுவிப் போனவர் திரும்பி வந்தால் மேகி கையில் உருட்டுக்கட்டை! 2000 வரை, 87 ஆண்டுகள் அந்த நகைச்சுவை ஓடியது.

இன்று தொரை இல்லை. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்தில் பிறந்தவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பெண் பார்க்கும் இடத்தில் முதல் கேள்வி என்ன? "பையனுக்கு என்ன சம்பளம்? வீடு சொந்தமா?" குணத்தைப் பற்றிய கேள்வி, காப்பி ஆறிய பிறகுதான் வருகிறது.

படத்தில் பொய் வெளுத்த பிறகும் கல்யாணம் நடந்தது. வீட்டில் அப்படி நடக்குமா? 'தோட்டத்துப் பையன்' என்பதற்காகவே ஒதுக்கப்பட்டவன் சிரிக்கவில்லை. அவனை மறக்க முடியாமல் வேறு வீட்டுக்கு விளக்கேற்றப் போனவளும் சிரிக்கவில்லை.

பாலையாவைப் பார்த்துச் சிரித்த அப்பாக்களே, லயத்தை இடித்தாகிவிட்டது. மனத்துக்குள் இருக்கும் மேட்டு பங்களாவை எப்போது இடிக்கப் போகிறீர்கள்?