பிள்ளையார் சுழி

எழுதும் மனநிலை எப்போது வரும் என்று மாணவ நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. தாள் இருக்கிறது, பேனா இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. முதல் வாக்கியம் மட்டும் வருவதில்லை. கணினி வந்த பின்னும் இந்தத் தொல்லை தீர்ந்தபாடில்லை.

ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் தம் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள் பழங்களை வைத்திருப்பாராம். அந்த வாடை இல்லாவிட்டால் அவருக்கு எழுத்து ஓடாது. அவரைக் காணச் சென்ற கதே அந்த நாற்றத்தால் தலை சுற்றிப் போனதை, முதுமையில் எக்கர்மன் என்பவரிடம் சொல்லி வைத்தார்.

நம்மவர் வழக்கம் இதனினும் தூயது. ஏட்டின் தலைப்பில் ஒரு சுழி. திருவரங்கத்து இல்லங்கள் பலவற்றில் அதே இடத்தில் 'ஸ்ரீ'. ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூர்மையையும் சோதிக்கவே முதலில் சுழித்துப் பார்த்தனர் என்று கூறுவாரும் உளர். பக்தியோ, சோதனையோ, கை அசைந்துவிடுகிறது. வெற்றேடு வெற்றேடாக இல்லாமற் போகிறது. அவ்வளவில் பாதி அச்சம் நீங்கிவிடுகிறது அல்லவா?

ஆனால் சுழி மட்டும் போதுமா? திருச்சிராப்பள்ளிக்கு அருகே 1815-இல் பிறந்து, இந்நகரில் பல்லாண்டு பாடம் சொன்னவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களைப் பாடியவர். தாம் வாயாற் சொல்ல, மாணாக்கர் ஓலையில் எழுதுவது அவர் வழக்கம். 1871-இல் அவரிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையரும் அவ்வாறு எழுதியவரே. ஆசிரியரின் வரலாற்றைப் பின்னர் இரு பாகங்களாக எழுதினார். புராணம் முற்றுப்பெறும் முன்பே அரங்கேற்றம் தொடங்கிவிடுவதும் உண்டு. இன்று பாடியது நாளை அவையில் வாசிக்கப்படவேண்டும். எழுத்தாணியும் கையுமாக மாணாக்கன் காத்திருக்கிறான், ஊரும் காத்திருக்கிறது. மனநிலை வரட்டும் என்று புலவர் படுத்திருக்க முடியுமா?

திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதா இதே நிலையில்தான் எழுதினார் என்பேன். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை. அது போக வார இதழ்களுக்குத் தொடர்கதை. அடுத்த இதழ் எவருடைய மனநிலைக்கும் காத்திராது. வாசகன் காத்திருப்பான்.

எனக்கு இதைக் கற்பித்தவர் என் பாட்டனார். தெப்பக்குளத்துக்கு அருகில் குடியிருந்தோம். கண்பார்வை குன்றிய பின் அவருடைய கடிதங்களை நானே எழுதுவேன். திண்ணையில் அமர்ந்து தொண்டையைக் கனைத்து, "சுழி போட்டாயிற்றா?" என்பார். "போட்டேன் தாத்தா" என்ற மறுநொடியே வாக்கியம் வரும். நான் இல்லாத நாட்களில் அவர் மனத்தில் ஒரு வரியும் உருவாவதில்லை என்று பாட்டி சொல்வார்கள்.

அவர் காலமானபோது எனக்கு வயது பதினைந்து. வெளியூர் உறவினர்க்குச் செய்தி எழுதும் பொறுப்பும் என்னிடமே வந்தது. இறப்புச் செய்திக்குச் சுழி இடுவதில்லை. அவ்வளவு பெரிய வெறுமையை நான் அதற்கு முன் தாளில் கண்டதில்லை. தஞ்சாவூர் அத்தைக்கு எழுதவேண்டும், கை நகரவில்லை. அடுத்த அறையில் அழுகை. வாசலில் கடிதங்களைத் தபாலில் சேர்க்க ஒருவர் நிற்கிறார். கடைசியில் பாட்டனார் சொல்வது போலவே முதல் வரியை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதை எழுதினேன். அன்று பதினோரு கடிதங்கள் எழுதினேன். எதிலும் அடித்தல் இல்லை.

இன்று திருவரங்கத்தில் வாழ்கிறேன். எழுதுமுன் அம்மா மண்டபம் வரை நடந்து, முதல் வாக்கியத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே திரும்புவேன். ஆடிப் பெருக்குக் கூட்டத்தில் அது இயலாது. மற்ற நாட்களில், ஏதோ தோத்திரம் சொல்கிறார் என்று வழிவிட்டுச் செல்கிறார்கள்.

கட்டுரை எழுதத் திணறும் மாணவர்களுக்கு ஒரு யோசனை உண்டு. தம்பியையோ தங்கையையோ நோட்டுப் புத்தகத்துடன் எதிரே அமர்த்தி, முதல் பத்தியை வாயாற் சொல்லிப் பாருங்கள். "அப்புறம்?" என்று அவர்கள் கேட்கும்போது, ஏதேனும் சொல்லித்தானே ஆகவேண்டும்? கூலியாகக் கடலைமிட்டாய் கேட்பார்கள். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.