ரஜாய்க்கும் வெயில் வேண்டும்



தமிழ்நாட்டை விட்டு வடக்கே குடியேறும் குடும்பம் முதற் குளிர்காலத்தில் வாங்கும் முதற் பொருள் ரஜாய். ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமக்காளமும் பருத்திப் போர்வையும் நவம்பர் வரையில் தாங்கும். அதற்குப் பிறகு தாங்கா. கடைக்காரர் பஞ்சைத் தராசில் நிறுத்து, “இரண்டு கிலோவா, மூன்று கிலோவா?” என்று கேட்டு, உறையில் திணித்துத் தைத்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அதை எவ்வாறு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டுவதில்லை. நமக்கோ சொல்லியாக வேண்டும்.

நம்முடைய பழைய படுக்கை கோரைப்பாய் அல்லவா? இரவில் விரித்தோம், விடிந்ததும் உதறிச் சுருட்டி மூலையில் நிறுத்தினோம். படுத்த இடத்தைப் பெருக்கினோம். தலையணையை வாரத்துக்கு ஒரு முறையாவது திண்ணையிலோ மாடியிலோ போட்டோம். இதையெல்லாம் சுகாதார விதி என்று யாரும் நமக்குப் போதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இடம் இல்லாமையே காரணம். இரவில் படுத்த அதே கூடத்தில்தான் காலையில் பிள்ளைகள் படிக்க வேண்டும், பகலில் இலை போட வேண்டும். ஆகவே படுக்கை நாள்தோறும் எழுந்தே தீரவேண்டியிருந்தது. எழுந்த படுக்கை பகல் முழுவதும் காற்றில் நின்று உலர்ந்தது.

வடக்கே வந்த நாம் கட்டிலுக்கு மாறினோம். அதுவும் அடியில் பெட்டி வைத்த கட்டில். பெட்டிக்குள்ளே சூட்கேசுகள், பழைய பாத்திரங்கள், ஊருக்குப் போகும்போது வேண்டுமே என்று வைத்த பட்டுப்புடவைகள். அதன்மேல் பலகை; பலகையின்மேல் மெத்தை. அந்த மெத்தை போட்ட இடத்திலேயே ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறது. மேல்விரிப்பை மாற்றுகிறோம், அதனால் படுக்கை சுத்தமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம்.

விரிப்புக்கு அடியில் நடப்பது என்ன என்று சற்றுப் பார்ப்போம். வியர்வையாகக் கண்ணுக்குத் தெரியாமலே, மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஒரு மனிதரின் உடல் ஒரு நாளைக்குச் சுமார் 800 மில்லிலிட்டர் நீரை இழக்கிறது. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு இதில் கால் லிட்டர் கணக்காகிறது. இதில் மூச்சின் பங்கு அறைக் காற்றோடு போய்விடும். தோலின் பங்கில் ஒரு பகுதி போர்வைக்கும் மெத்தைக்கும் சேர்கிறது. பருத்தியோ ஈரத்தை விரும்பி ஏற்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது, உலர்ந்த பஞ்சு தன் எடையில் சுமார் எட்டரை விழுக்காடு நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். மூன்று கிலோ ரஜாயில் இது ஏறத்தாழ 250 கிராம். தொட்டுப் பார்த்தால் ஈரம் தெரியாது. மழைக்காலக் காற்றில் இந்த அளவு இன்னும் கூடும்.

இதனால் தூக்கத்துக்கு என்ன கேடு என்று கேட்கலாம். தூக்கம் வரும் வேளையில் உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். கைகால்களின் வழியே உடல் அந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. படுக்கை உலர்ந்திருந்தால் இது தடையின்றி நடக்கிறது. ஓதமேறிய படுக்கையிலோ கோடையில் புழுங்குகிறது, குளிர்காலத்தில் சில்லிடுகிறது. மேலும், ரஜாயில் வெப்பத்தைக் காப்பது பஞ்சு அன்று; பஞ்சிழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே காக்கிறது. ஈரம் ஏறி, எடையால் அமுங்கிக் கட்டி தட்டிய பஞ்சில் அந்தக் காற்றுக்கு இடமில்லை. “போன வருஷம் சூடாக இருந்த ரஜாய் இந்த வருஷம் ஏன் இப்படிக் கனக்கிறது?” என்று கேட்கும் வீடுகள் பல. இன்னொரு ரஜாய் வாங்குவதற்கு முன்னால், இருப்பதை ஒரு நாள் வெயிலில் போட்டுப் பார்க்கலாம்.

இதை நாங்களும் தாமதமாகவே கற்றோம். 2007 டிசம்பரில் தில்லி கரோல்பாக்கில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. பகலெல்லாம் ஓடி விளையாடும். இரவு படுத்து ஒரு நாழிகை ஆனதும் இருமத் தொடங்கும். பிறகு மூச்சில் ஒரு சீழ்க்கை ஒலி. விடியும்வரை வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, இருந்த ரஜாயின்மேல் இன்னொன்றையும் போர்த்தினோம். ஜன்னலின் இடுக்குகளையெல்லாம் துணியால் அடைத்தோம். இருமல் கூடிற்று. மருத்துவர் மருந்தெழுதிக் கொடுத்துவிட்டு, “குழந்தை எதன்மேல் படுக்கிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் மாடியில் குடியிருந்த பஞ்சாபி மூதாட்டி. மாதாஜி என்றே அனைவரும் அழைப்போம். குழந்தையைப் பார்க்க வந்தவர், ரஜாயின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, “இதற்கு எப்போது தூப் காட்டினீர்கள்?” என்றார். இந்தியில் ‘தூப் திகானா’ என்றால் வெயில் காட்டுதல். நாமும் நெல்லுக்கும் வற்றலுக்கும் வெயில் காட்டுகிறோம், அதே சொல்தான். வங்காளிகள் இன்னும் ஒரு படி மேலே போய், துணிக்கு வெயில் ‘கொடுப்பதாக’ச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகிவிட்ட நமக்கு இத்தகைய ஒற்றுமைகள் மகிழ்ச்சி தருபவை. ஆனால் அன்றைக்கு மகிழ இடமில்லை. வாங்கிய நாள்முதல் அந்த ரஜாய்க்கு நாங்கள் வெயில் காட்டியதே இல்லை.

மருத்துவர் கேட்டதன் காரணம் தூசி உண்ணி. வீட்டுத் தூசியில், முக்கியமாகப் படுக்கையில் வாழும் மிகச் சிறிய உயிர் அது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களே அதற்கு உணவு. வீட்டுத் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு இதுவே முக்கியக் காரணம் என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். இதற்கு நீர் பருக வாய் வசதியில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்தே உயிர் வாழ்கிறது. ஆகவே, ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே சில நாள் நிலைத்தால் உலர்ந்து மடிகிறது. நாள்தோறும் சுருட்டி நிறுத்தி உலர்ந்த கோரைப்பாயில் அதற்கு இடம் குறைவு. கட்டிலோடு ஒட்டிக் கிடக்கும் மெத்தை அதற்கு அரண்மனை.

வெயில் ஒன்றே எல்லாவற்றையும் போக்கிவிடும் என்று சொல்லமாட்டோம். உண்ணி மடிந்தாலும் அதன் கழிவு பஞ்சிலும் துணியிலும் தங்குகிறது; மூச்சைத் தொல்லைப்படுத்துவது அந்தக் கழிவே. ஆகையால் காய்ந்தபின் தட்டி உதற வேண்டும். மேலுறையையும் விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 பாகை சூடுள்ள நீரில் துவைக்க வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர் தட்டக்கூடாது. குழந்தைகளும் அருகில் நிற்கலாகாது. மூட்டைப்பூச்சிக்கு வெயிலில் போடுவது போதவே போதாது. வெயில் பட்டதும் அது தையல் மடிப்புக்குள் புகுந்து மறுபக்கத்து நிழலுக்குப் போய்விடும். எங்கள் குழந்தைக்கும் மருந்தை நாங்கள் நிறுத்தவில்லை. இழுப்பு அடியோடு நிற்கவுமில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தின் பிற்பகுதியில் இருமலின்றி உறங்கிய இரவுகள் இருந்தன.

தில்லியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாழும் நேயர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பருவமழை செப்டம்பர் இறுதியில் விலகுகிறது. அக்டோபரின் உலர்ந்த வெயில்தான் ரஜாய்க்குக் கிடைக்கும் நல்ல வெயில். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் போர்த்திக்கொள்ளாமல், இரண்டு மூன்று நாள் அந்த வெயிலில் போடுங்கள். முன்னாளில் இந்தச் சமயத்தில் பஞ்சு கொட்டுபவர் தோளில் வில்லோடு தெருவில் வருவார். அந்த நரம்பின் ஒலியே குளிர் வருவதை அறிவிக்கும். இப்போது பெரும்பாலும் கடை இயந்திரத்திலேயே பஞ்சைப் பிரிக்கிறார்கள். எதுவாயினும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பஞ்சைப் பிரித்துக் கொட்டி நிரப்பினால் பழைய ரஜாய் புதிதாகும்.

தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம் கவியும் நாட்களில் மாடியில் எதையும் போடாதீர்கள். வெயிலோடு கரியும் சேர்ந்து வரும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி விலகிய நாளாகப் பார்த்து, காலை 11 மணிக்குப் போட்டு, நடுவில் ஒரு முறை புரட்டி, மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும். “இன்னும் வெயில் இருக்கிறதே” என்று நாலரை மணிவரை விடுபவர்கள் உண்டு. பொழுது சாயத் தொடங்கியதும் காற்றின் ஈரப்பதம் விரைவாக ஏறும். பகலெல்லாம் உலர்ந்த பஞ்சு அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் புழுதிக்காற்று வரும் அறிகுறி தெரிந்தால் உடனே உள்ளே எடுப்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மும்பை நேயர்களின் நிலைமை வேறு. ஜூன்முதல் செப்டம்பர்வரை அங்கே வெயிலை எதிர்பார்ப்பது வீண். அந்த நான்கு மாதமும் மெத்தையைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் விலக்கி வையுங்கள். வாரம் ஒரு நாள் மெத்தையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, மின்விசிறியை அதன்மேல் ஓடவிடுங்கள். அடிப்பக்கமே காற்று காணாத பக்கம். விரிப்பை இஸ்திரி போட்டு விரித்தால் அன்றைய இரவு நன்றாயிருக்கும். அக்டோபரில் சுட்டெரிக்கும் வெயிலை எல்லாரும் நொந்துகொள்வார்கள். படுக்கைக்கு அது கொண்டாட்டம். கொல்கத்தாவிலோ பாத்ர மாதத்தில், அதாவது நம் ஆவணியில், மழைக்கு நடுவே அடிக்கும் வெயிலில் பட்டுப்புடவைமுதல் லேப் என்னும் ரஜாய்வரை வெளியே வந்துவிடும். அண்டை வீட்டார் எடுத்துப் போடும் நாளில் நாமும் எடுத்துப் போட்டால் போதும். பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

மாடியும் இல்லை, பால்கனியும் இல்லை என்பவர்கள் என்ன செய்வது? எழுந்தவுடன் படுக்கையை ஒழுங்காக மூடி வைக்க வேண்டும் என்பது நமக்குப் பழக்கம். விடிந்தபிறகும் படுக்கை விரிந்து கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாய்க்கு அது சரி. மெத்தைக்கோ, போர்வையைக் கால்மாட்டுக்கு ஒதுக்கி, ஜன்னலைத் திறந்து, ஒரு மணி நேரமேனும் விட்டுவிட்டுப் பிறகு விரிப்பது நல்லது. பெரியவர்கள் ஊரிலிருந்து வந்திருக்கும் நாட்களில் இதை விளக்குவது எளிதன்று, நாங்கள் பட்டிருக்கிறோம். கட்டில்பெட்டியின் கதவையும் மாதம் ஒரு முறை ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள்.

எல்லாப் படுக்கையும் வெயிலைத் தாங்காது. ரப்பர் பாலில் தோய்த்த கயிற்றுநார் மெத்தையும் நுரை மெத்தையும் நேர்வெயிலில் நாளடைவில் கெட்டு நொறுங்கும். அவற்றை நிழலில் காற்றாட வையுங்கள். இலவம்பஞ்சு வெயிலில் நன்றாக உப்பும். ஆனால் அதை நனைத்துத் துவைக்கக் கூடாது. கோரைப்பாய்க்கு இளவெயில் போதும். உச்சி வெயிலில் கோரை வறண்டு ஒடியும்.

மார்ச்சில் ரஜாயை எடுத்து வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. வெயிலில் காய்ந்த ரஜாயைச் சூட்டோடு இரும்புப் பெட்டியில் இட்டு மூடாதீர்கள். நிழலில் ஆறிய பிறகு, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். பெட்டியில் பாச்சை உருண்டை போடுபவர்கள், அடுத்த ஆண்டு அதை நன்றாகக் காற்றாட விட்டபின்னரே பயன்படுத்த வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் பாச்சை உருண்டையே வேண்டாம். பிறவியிலேயே குறிப்பிட்ட ஒரு நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிந்திருப்பதில்லை. அதற்குப் பதிலாக, நன்கு உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டு, மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கரோல்பாக் வீட்டை விட்டு நாங்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இருப்பது நான்கு மாடிக் குடியிருப்பு. எட்டு வீடுகளுக்கும் ஒரே மொட்டை மாடி, ஒரே கொடி. அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொடியில் இடம் பிடிக்கக் காலை ஒன்பது மணிக்கே ஒருவர் ஏறிவிட வேண்டும். அன்றைக்கு இருமிய குழந்தைதான் இப்போது ரஜாயைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் ஏறுகிறது.